சத்தம் போடும் நூல் நிலையம்!
வழி காட்டிய ஆசிரியைக்கு வேலை போனது, உரிமமும் பறிபோனது

வகுப்பறை அலமாரியில் ஒரு சின்ன காகிதம். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம். டீக்கடையில் பணம் கொடுக்க செல்போனை நீட்டுகிறோமே, அதே மாதிரி "கியூ.ஆர்." கட்டம்தான்.

அந்தக் கட்டத்தை ஒட்டிய ஆசிரியை வேலையை விட்டுப் போக வேண்டி வந்தது. 2 வருடம் கழித்து அவரது ஆசிரியர் உரிமமும் பறிக்கப்பட்டது.

கட்டத்துக்குள் என்ன இருந்தது? ஆபாசப் படமா? இல்லை. வெடிகுண்டு செய்யும் முறையா? அதுவும் இல்லை. ஒரு பொது நூல் நிலையத்துக்குப் போகும் வழி. அவ்வளவுதான்!

சம்பவம் நடந்தது அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள நார்மன் என்ற ஊரில். நூல் நிலையம் இருப்பதோ நியூயார்க்கு நகரில், புரூக்ளின் பகுதியில். இரண்டுக்கும் நடுவே 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் தூரம்.

அந்த நூல் நிலையம் வழி காட்டியதோடு நிற்கவில்லை. இந்தத் தகராறை எல்லாம் ஊரே கேட்கும்படி ஒலிப்பதிவு செய்து வெளியிட்டது. "அமைதி காக்கவும்" என்று போர்டு மாட்டும் இடம், மைக்கைப் பிடித்து சத்தம் போட ஆரம்பித்து விட்டது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

29 வருடம் கட்டிய கட்டிடம்

புரூக்ளின் இன்று நியூயார்க்கு நகரத்தின் ஒரு பகுதி. 1898-ம் ஆண்டு வரை அது தனி நகரமாக இருந்தது. நூல் நிலையம் அதற்கு 2 வருடம் முன்பே, 1896-ம் ஆண்டில் ஏற்பட்டது. நகரம் நியூயார்க்குடன் சேர்ந்த பிறகும் நூல் நிலையம் மட்டும் சேரவில்லை. அதனால்தான் நியூயார்க்கு நகரத்தில் இன்றைக்கும் 3 தனித்தனி நூல் நிலைய அமைப்புகள் இருக்கின்றன. புரூக்ளினுக்கு ஒன்று. குயீன்சுக்கு ஒன்று. மற்ற 3 பகுதிகளுக்கும் சேர்த்து ஒன்று.

2020-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி புரூக்ளின் ஜனத்தொகை 27 லட்சத்துக்கு மேல். நூல் நிலையத்துக்கு சுமார் 60 கிளைகள். தலைமை நூல் நிலையம் திறந்து வைத்த புத்தகம் போன்ற வடிவில் கட்டப்பட்டது. 1912-ம் ஆண்டு வேலையை ஆரம்பித்தார்கள். பணம் இல்லை; யுத்தம் வந்தது; பிறகு பொருளாதார மந்தம் வந்தது. திறப்பு விழா நடந்தது 1941-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அதாவது 29 வருடம்! நம்ம ஊர் மேம்பாலத்தை யாரும் இனி குறை சொல்ல வேண்டாம்.

இந்த நூல் நிலையம் 2018-ம் ஆண்டு "பாட்காஸ்ட்" ஒன்றைத் தொடங்கியது. பாட்காஸ்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரேடியோ நிகழ்ச்சி மாதிரிதான். ஆனால் ரேடியோ நிலையம் வேண்டாம், லைசென்சு வேண்டாம். பேசிப் பதிவு செய்து இண்டர்நெட்டில் போட்டு விடுவார்கள். வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் செல்போனில் கேட்டுக் கொள்ளலாம். மின்சார ரெயிலில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரிக்கிறார்களே, அவர்களில் பாதிப் பேர் கேட்பது இந்தச் சமாசாரம்தான்.

நிகழ்ச்சியின் பெயர் "பாரோட்". "இரவல் வாங்கியது" என்று அர்த்தம். நூல் நிலையத்தில் தொடங்கும் கதைகளைச் சொல்வது அதன் வேலை. அங்கே வந்து போகிறவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள், பழைய தெருக்கள், மறந்து போன சங்கதிகள். பின்னாளில் நிகழ்ச்சியை நடத்தியவர்கள் அட்வோவா அடுசே, வர்ஜீனியா மார்ஷல் என்ற 2 பெண்கள்.

நல்ல நிகழ்ச்சி, நாலு பேர் கேட்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் 2021-ம் ஆண்டில் இருந்து அமெரிக்காவில் வேறு ஒரு காற்று வீசத் தொடங்கியது.

அலமாரியில் கை வைத்தார்கள்

பள்ளிக்கூட நூல் நிலையங்களில் இருந்து புத்தகங்களை எடுக்கச் சொல்லி பல மாநிலங்களில் பெற்றோர்களும் அரசியல்வாதிகளும் கிளம்பினார்கள். இனப் பாகுபாடு பற்றிய புத்தகம், ஆண்-பெண் உறவு பற்றிய புத்தகம், ஓரினச் சேர்க்கையாளர் பற்றிய புத்தகம் என்று பட்டியல் நீண்டது. நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன் 1970-ம் ஆண்டு எழுதிய "தி புளூயஸ்ட் ஐ" நாவலும் அதில் மாட்டிக் கொண்டது.

எதிர்த்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. "சின்னப் பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியது பெற்றோர். வயசுக்குத் தகாத விஷயம் பள்ளிக்கூடத்தில் எதற்கு?" என்பது அவர்கள் வாதம். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கும் எவருக்கும் இந்தக் கவலை புரியாமல் இல்லை.

ஆனால் காரியம் எங்கே போய் நின்றது? "பென் அமெரிக்கா" என்ற எழுத்தாளர் அமைப்பு எடுத்த கணக்குப்படி 2023-24 பள்ளி ஆண்டில் மட்டும் 10 ஆயிரத்து 46 தடைகள். ஒரே புத்தகம் பல ஊர்களில் தடையானால் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் தனித்தனி புத்தகங்கள் 4 ஆயிரத்துக்கு மேல்!

"தடை என்று ஏன் சொல்ல வேண்டும்? கடையில் போய் வாங்கிக் கொள்ளலாமே" என்றும் கேட்டார்கள். வாங்கலாம்தான். 14 வயசுப் பையன் கையில் காசு ஏது? சின்ன ஊரில் புத்தகக் கடை ஏது?

புரூக்ளின் நூல் நிலையத்தார் யோசித்தார்கள். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். "புக்ஸ் அன்பேன்டு" என்று பெயர். "தடை நீங்கிய புத்தகங்கள்" என்று சொல்லலாம்.

13 வயதில் இருந்து 21 வயது வரை உள்ளவர்கள், அமெரிக்காவில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, ஒரு இ-மெயில் அனுப்பினால் போதும். நூல் நிலைய கார்டு இலவசம். வெளி மாநிலத்தார் என்றால் அதற்கு முன்பு 50 டாலர் கட்ட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அது தள்ளுபடி. கார்டு கிடைத்து விட்டால் மூன்றரை லட்சம் மின் புத்தகங்கள், 2 லட்சம் ஒலிப் புத்தகங்கள் செல்போனுக்குள் வந்து விடும். இது தொடக்கத்தில் சொல்லப்பட்ட கணக்கு.

அந்த வாசலுக்குப் போகும் வழிதான் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம்.

சிவப்பு எழுத்து இல்லை, காகிதம்தான்

நார்மன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர் சம்மர் போய்ஸ்மியர். 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பள்ளிக்கூடம் திறந்த நேரம்.

அதற்கு முந்தைய ஆண்டு ஓக்லஹோமாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. இனம், பால் சம்பந்தமாக வகுப்பில் எதை எல்லாம் போதிக்கக்கூடாது என்று சொல்லும் சட்டம். மீறினால் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து வரும் என்ற பயம். எனவே, வகுப்பறையில் வைத்திருக்கும் புத்தகங்களை எல்லாம் சரிபாருங்கள், இல்லாவிட்டால் மறைத்து வையுங்கள் என்ற ரீதியில் ஆசிரியர்களுக்குத் தகவல் போனது.

போய்ஸ்மியர் மறைத்தார். அலமாரி முழுவதையும் பெரிய காகிதத்தால் மூடினார். ஆனால் சும்மா மூடவில்லை. "இவை நீங்கள் படிக்கக்கூடாது என்று அரசாங்கம் நினைக்கும் புத்தகங்கள்" என்ற அர்த்தத்தில் காகிதத்தின் மேலே எழுதினார். பக்கத்தில் புரூக்ளின் நூல் நிலையத்தின் கட்டத்தை ஒட்டினார்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? செல்போனை எடுத்தார்கள்.

ஒரு பெற்றோர் புகார் செய்தார். ஆசிரியையை வகுப்புக்கு வர வேண்டாம் என்று பள்ளி நிர்வாகம் நிறுத்தி வைத்தது. பிறகு, திரும்பி வரலாம் என்று சொன்னது. ஆசிரியை திரும்பவில்லை. ராஜினாமா கடிதத்தைக் கொடுத்து விட்டுப் போய்விட்டார்.

"போனால் போகிறது" என்று விட்டார்களா? விடவில்லை. அப்போது மாநிலக் கல்விச் செயலாளராக இருந்த ரயான் வால்டர்ஸ், "அவரது ஆசிரியர் உரிமத்தையே ரத்து செய்ய வேண்டும்" என்று வற்புறுத்தினார். அந்த நேரம் அவர் மாநிலக் கல்வித் தலைவர் பதவிக்குத் தேர்தலில் நின்று கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேர்தலில் ஜெயித்தார்.

உரிமம் பற்றிய விசாரணை இழுத்துக்கொண்டே போனது. விசாரித்த சட்ட அதிகாரி, உரிமத்தைப் பறிக்கத் தேவை இல்லை என்று 2023-ம் ஆண்டு பரிந்துரை செய்தார். ஆனாலும் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாநிலக் கல்வி வாரியம் உரிமத்தை ரத்து செய்தது.

இதற்கிடையே நார்மன் ஊரில் வேடிக்கை ஒன்று நடந்தது. ஆசிரியை ஒட்டிய கட்டம் வீட்டு வாசல்களில் முளைத்தது. சிலர் பனியனிலும் அச்சடித்துப் போட்டுக் கொண்டார்கள். ஒரு வகுப்பறைக்குள் இருந்ததை ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் புகார் செய்தவர்கள்தான் என்று சொன்னால் தப்பில்லை.

வேலை இல்லாமல் நின்ற போய்ஸ்மியர் எங்கே போனார் தெரியுமா? நேராக நியூயார்க்கு. அதே புரூக்ளின் நூல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்!

மைக் முன்னால் வந்தவர்கள்

2023-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் "பாரோட்" பாட்காஸ்டில் இந்தத் தகராறே ஒரு தொடராக வந்தது. "இரவலும் தடையும்" என்ற அர்த்தத்தில் தலைப்பு. சண்டையின் முன்வரிசையில் நின்ற மாணவர்கள், வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற நிலையில் இருந்த நூலகர்கள், ஆசிரியர்கள், புத்தகம் எழுதி மாட்டிக் கொண்ட எழுத்தாளர்கள் இவர்களைத் தேடிப் பேச வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புத்தகத் தடை பற்றி பத்திரிகைகளில் பேசியவர்கள் பெரும்பாலும் பெரிய மனிதர்கள். கவர்னர் பேசுவார். வக்கீல் பேசுவார். பெற்றோர் சங்கத் தலைவி பேசுவார். யார் கையில் இருந்து புத்தகம் பிடுங்கப்பட்டதோ, அந்தப் பையனிடமும் பெண்ணிடமும் யாரும் கேட்பது இல்லை. நூல் நிலையத்தார் அவர்களிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

கார்டு கேட்டு வந்த இ-மெயில்களும் சும்மா "கார்டு வேண்டும்" என்று ஒரு வரியில் வரவில்லை. 50 மாநிலங்களில் இருந்தும் பிள்ளைகள் தங்கள் நிலைமையை எழுதினார்கள். 2023-ம் ஆண்டு சியாட்டில் நகர நூல் நிலையமும் இந்தத் திட்டத்தில் சேர்ந்து, 26 வயது வரை உள்ளவர்களுக்குக் கார்டு கொடுத்தது. அந்தக் கடிதங்களில் இருந்து பிள்ளைகள் சொன்னதைத் திரட்டி 2024-ம் ஆண்டில் அறிக்கையாகவும் வெளியிட்டார்கள்.

படித்துப் பார்த்தால் தடை மட்டும் பிரச்சினை இல்லை என்று தெரிகிறது. பக்கத்தில் நூல் நிலையம் இல்லை. இருந்தாலும் போக பஸ் இல்லை. போனாலும் வேண்டிய புத்தகம் இல்லை. புத்தகம் இருந்தாலும், எடுக்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்து விட்டால் என்ன செய்வது என்ற பயம். தன்னைப் போல இன்னொருத்தர் உலகத்தில் இருக்கிறாரா என்று தெரிந்து கொள்ளத்தான் பல பேர் புத்தகம் தேடினார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு ஒரு கடை இருக்கிறது. இந்த மாதிரி மனக் கஷ்டத்துக்கு கடை எது? ராத்திரி போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் படிக்கும் 15 வயசுப் பிள்ளைக்கு அந்தக் கார்டுதான் ஆறுதல்.

ஊசிப் பூங்காவில் உயிர் காத்தவர்கள்

நூல் நிலையத்துக்கும் உடல் நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பிலடெல்பியா நகரத்துச் சங்கதியைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

அங்கே கென்சிங்டன் என்ற பகுதி போதை மருந்துக்குப் பேர் போனது. மெக்பெர்சன் சதுக்கம் என்ற பூங்காவின் நடுவே ஒரு கிளை நூல் நிலையம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். வெளியே புல்தரையில் ஊசிகள் சிதறிக் கிடக்கும். "ஊசிப் பூங்கா" என்றே ஜனங்கள் பெயர் வைத்து விட்டார்கள்.

2017-ம் ஆண்டில் நிலைமை முற்றியது. அளவுக்கு மிஞ்சி ஏற்றிக்கொண்டு மயங்கி விழுகிறவர்கள் பெருகினார்கள். சிலர் கழிப்பறைக்குள்ளேயே விழுந்து கிடந்தார்கள். ஆம்புலன்சு வரும் வரை உயிர் தாங்காது. நூலகர்கள் "நார்கன்" என்ற மருந்தை மூக்கில் அடிக்கக் கற்றுக் கொண்டார்கள். புத்தகத்தில் முத்திரை குத்தும் கை, செத்துப் போக இருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தது. பத்திரிகைகளில் இது பெரிய செய்தியாக வந்தது.

சான்பிரான்சிஸ்கோ நூல் நிலையம் அதற்கு முன்பே, 2009-ம் ஆண்டில், முழுநேர சமூக சேவகி ஒருவரை வேலைக்கு வைத்தது. அமெரிக்காவில் எந்த நூல் நிலையமும் அதுவரை அப்படிச் செய்தது இல்லை. வீடு இல்லாதவர்கள் பகல் முழுவதும் ஒதுங்கும் இடம் நூல் நிலையம்தானே? உள்ளே வர டிக்கெட் வேண்டாம், காபி வாங்க வேண்டாம், "எதுக்கு வந்தே?" என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சிறைக்குள் இருந்து கதை

மறுபடி புரூக்ளினுக்கு வருவோம். அங்கே குரல்களைச் சேர்க்கும் வேலை பாட்காஸ்டோடு ஆரம்பித்தது அல்ல. "எங்கள் தெருக்கள், எங்கள் கதைகள்" என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்தது. அந்தந்தப் பகுதியில் வசிக்கும் பெரியவர்களை உட்கார வைத்துப் பேச விட்டார்கள். எந்தக் கடை எங்கே இருந்தது, எந்தத் தெருவில் யார் யார் குடி இருந்தார்கள் என்று சொல்லச் சொல்லப் பதிவு செய்தார்கள். பாட்டி போன பிறகு பாட்டி கதையை யாரிடம் போய்க் கேட்பது?

தலைமை நூல் நிலையத்தில் 2013-ம் ஆண்டு ஒரு புதிய கூடம் திறந்தார்கள். கம்ப்யூட்டர்களோடு ஒரு ஒலிப்பதிவு அறையும் உண்டு. நூல் நிலைய கார்டு இருந்தால் போதும். காசு கொடுக்காமல் பதிவு செய்யலாம்.

இதை எல்லாம் விட மனதைத் தொடும் விஷயம் ரைக்கர்ஸ் தீவு சங்கதிதான்.

ரைக்கர்ஸ் தீவு என்பது நியூயார்க்கு நகரத்தின் சிறைக் கோட்டம். ஆற்றுக்கு நடுவே தீவு. போக ஒரே ஒரு பாலம். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல. வழக்கு முடியாமல் காத்திருப்பவர்கள். கைதியைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ் மாறி, வரிசையில் நின்று, சோதனைக்கு மேல் சோதனை முடிந்து, ஒரு நாள் பொழுது போய் விடும். கைக்குழந்தையோடு போகும் பெண்ணின் பாடு சொல்லி மாளாது.

புரூக்ளின் நூல் நிலையம் "டெலி ஸ்டோரி" என்று ஒரு ஏற்பாடு செய்தது. 2014-ம் ஆண்டு வாக்கில் தொடங்கி, பிறகு பல கிளைகளுக்கும் பரவியது. நூல் நிலையத்து அறையில் குழந்தை உட்காரும். பொம்மைகள் உண்டு, படப் புத்தகங்கள் உண்டு. எதிரே டி.வி. திரையில் அப்பா தெரிவார். பேசலாம், பாடலாம், புத்தகம் படிக்கலாம். போலீஸ் சோதனை இல்லை. கட்டணமும் இல்லை.

சிறைக்குள்ளேயே இன்னொரு காரியமும் நூலகர்கள் செய்தார்கள். அப்பாக்களுக்குக் குழந்தைக்குக் கதை படிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்தப் படத்தைக் காட்டுவது என்பது வரை. பிறகு அவர்கள் கதை படிப்பதை ஒலிப்பதிவு செய்து, வீட்டுக்குக் கொடுத்தார்கள். வழக்கு எப்போது முடியும் என்று தெரியாது. ஆனால் ராத்திரி தூங்கப் போகும்போது குழந்தை காதில் அப்பா குரல் கேட்கும்.

கொலை கேஸோ, திருட்டு கேஸோ, அது அந்தக் குழந்தைக்கு எதற்கு?

அபராதம் ரத்து, புத்தகம் திரும்பியது

குரலைக் கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வாசலில் அபராத நோட்டுடன் ஆளை நிறுத்தினால் யார் உள்ளே வருவார்கள்?

நியூயார்க்கில் அப்படித்தான் நடந்து கொண்டிருந்தது. அபராதம் 15 டாலரை எட்டினால் கார்டு முடங்கி விடும். வசதி உள்ளவர் கட்டி விட்டுப் போவார். இல்லாதவர் நூல் நிலையம் இருக்கும் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார். இப்படி முடங்கிய கார்டுகள் சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் ஏழைகள் இருக்கும் பகுதிகளில்!

2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ந் தேதி 3 நூல் நிலைய அமைப்புகளும் சேர்ந்து ஒரே அடியாக அபராதத்தை ரத்து செய்தன. பழைய பாக்கியும் தள்ளுபடி.

"இனி எவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பான்?" என்று பல பேர் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். அடுத்த சில மாதங்களில் புரூக்ளினுக்கு மட்டும் ஏறத்தாழ 51 ஆயிரம் பழைய புத்தகங்களும் மற்ற பொருள்களும் திரும்பி வந்தன. நியூயார்க்கு நூல் நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. 75 வயது என்று மட்டும் எழுதி இருந்தார். 28 வருடத்தில் இருந்து 50 வருடம் வரை தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களாம். பிள்ளைகளை வளர்த்தபோதும், வாத்தியார் வேலை பார்த்தபோதும் அவைதான் துணையாக இருந்தன என்று சொல்லி மன்னிப்பு கேட்டிருந்தார்.

50 வருடம் மனசை உறுத்தியது அபராதமா, புத்தகமா? அந்த அம்மாவுக்குத்தான் வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய். 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம், பணம் இல்லை என்று மேயர் எரிக் ஆடம்ஸ் நிர்வாகம் செலவில் கை வைத்தது. அடி விழுந்தது நூல் நிலையத்தின் ஞாயிற்றுக்கிழமையில்! ஞாயிறு திறந்திருந்த கிளைகளில் பெரும்பாலானவற்றில் பூட்டு தொங்கியது.

ஆறு நாளும் வேலைக்குப் போகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் ஏது? கடை வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். புத்தகம் வேண்டாம் என்று மாகாணத்துக்கு மாகாணம் சண்டை போட்டவர்கள் ஒரு பக்கம். புத்தகம் வேண்டும்தான், ஆனால் காசு இல்லை என்று கையை விரித்தவர்கள் இன்னொரு பக்கம். பூட்டு இரண்டுக்கும் ஒரே பூட்டுதான்.

ஜனங்கள் விடவில்லை. எதிர்ப்பு வலுத்தது. 2024-ம் ஆண்டு ஜூன் கடைசியில் 5 கோடியே 83 லட்சம் டாலரைத் திருப்பித் தர நகர நிர்வாகம் சம்மதித்தது. ஞாயிற்றுக்கிழமை கதவு மறுபடி திறந்தது.

ஓக்லஹோமாவில் உரிமத்தைப் பறிக்க முன்னால் நின்ற வால்டர்ஸ் 2025-ம் ஆண்டு பதவியை விட்டு விலகினார். போய்ஸ்மியரின் உரிமம் போனது போனதுதான் என்ற முடிவை வாரியம் எடுத்தபோது, அவர் நியூயார்க்கில் பிள்ளைகளுக்குப் புத்தகம் சேர்க்கும் வேலையில் இருந்தார்.

புரூக்ளின் நூல் நிலையத்தின் இலவச கார்டு அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இங்கே இருந்து கேட்டால் கிடைக்காது. பாட்காஸ்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. செல்போன் இருந்தால் எந்த ஊரில் இருந்தும் கேட்கலாம். பேச்சு முழுவதும் இங்கிலீஷில் இருக்கும். தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் வரும் வரை கேட்டுக்கொண்டு போகலாம்.